பொட்டில்லாத நட்டு

என் மகள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு விமானம் கட்டுகிறாள். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். மெதுவாக ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் கல்யாணச் செய்தி என்று நினைத்து முகம் மலர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு விமானத்தைச் சொல்வது சிரமம்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். உடம்பும் இறக்கையும் பாகங்களாக மரப்பெட்டிகளில் லாரியில் வந்து இறங்கின. அவளுக்குப் பெங்களூரில் விமானப் பராமரிப்பு வேலை. சில வாரம் அங்கே, சில வாரம் இங்கே. அரிமளத்திலிருந்து திருமயம் போகிற சாலையில் சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முன்பு அதில் கோழி வளர்த்தோம். கொட்டகைக்கு அப்பால் பொட்டல், அதற்கப்பால் தைலமரக் காடு. பறப்பதற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறாள். அது வரும்வரை இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அனுமதி வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. தாமதமாக வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பயந்த சுபாவம். பிள்ளைகளை நார்த்தாமலைக்குச் சுற்றுலா கூட்டிப்போனால், கோயிலைப் பார்க்காமல் தலைகளை எண்ணிக்கொண்டே இறங்கி வருகிறவள். அவளைத் தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு எனக்கு இருந்த ஒரே வழி, எது கழன்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இறக்கையைப் பற்றிக் கேட்டேன். பதில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாலைப் பற்றிக் கேட்டேன். அதுவும் அப்படியே. கடைசியில் கேட்டுத் தாங்கக்கூடியதாக இருந்தது ஒயர் வேலை மட்டும்தான். அதில் எல்லாம் சின்னச் சின்ன நட்டுகள். சின்ன நட்டு கழன்றால் ஆவதும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நட்டுக்கு அடியில் போடுகிற வாசர் வளையங்களை அவள் என் பழைய அஞ்சறைப்பெட்டியில் வகை பிரித்து வைத்திருந்தாள். அதைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து எனக்குப் பாடம் எடுத்தாள்.

"இது பிளேன் வாசர். தட்டையா இருக்குல்ல, நட்டு திரும்பும்போது அடியில இருக்கிறதைச் சுரண்டாமக் காப்பாத்தும். இது ஸ்பிரிங் வாசர். வெட்டி முறுக்கி விட்ட மாதிரி இருக்கு பாரும்மா. நட்டு கீழ அழுத்தும், இது மேல தள்ளும். அந்த வீம்புலதான் நட்டு நிக்குது."

"அதையே திரும்பத் திரும்பப் போடலாமா?"

"ஒரு தடவை நசுங்கினா வீம்பு போயிரும். கழட்டுனா புதுசுதான்."

ஒயரின் முனையில் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையமும் அது உட்காருகிற தகடும் நேருக்கு நேர் தொட வேண்டும், நடுவில் வாசர் வரக்கூடாது என்றாள். கரண்டு போகிற பாதையில் வாசரைச் சொருகினால் அந்த இடம் சூடாகும். வாசரெல்லாம் மேலே, நட்டுக்கு அடியில்தான். தகட்டில் பெயிண்ட் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். உள்ளே ஒரு நைலான் வளையம் வைத்த நட்டு ஒன்று இருக்கிறது, அது விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் இன்ஜின் பக்கத்தில் சூட்டுக்கு நைலான் இளகிவிடும், அங்கே முழு உலோக நட்டுதான். நட்டைத் தாண்டி போல்ட்டின் மரை கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நட்டு முழுசாகப் பிடிக்கவில்லை.

"ரொம்ப இறுக்கினா?"

"அறுந்துரும்."

"கம்மியா இறுக்கினா?"

"கழண்டுரும்."

"அப்ப எம்புட்டுதாண்டி இறுக்குறது?"

அதற்கு ஒரு ஸ்பேனர் வைத்திருந்தாள். அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதோடு நிறுத்த வேண்டும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பிள்ளை வளர்ப்பில் அப்படி ஒரு ஸ்பேனர் கிடையாது.

டக் என்றதும், நட்டின் மேலும் போல்ட்டின் மரை மேலும் சேர்ந்தாற்போல ஒரு சின்னச் சிவப்புக் கோடு இழுப்பாள். நட்டு பின்னால் லேசாகத் திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு இருந்தால் வேலை முடிந்தது, கோடு இல்லாவிட்டால் முடியவில்லை. இதற்கென்று தனிச் சாயம் விற்கிறதாம். அவள் நெயில் பாலிஷ்தான் வைத்தாள். அதை வாங்கிவரும் வேலை எனக்கு.

அரிமளத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் பெண் என்னிடம் படித்தவள். "போன வாரந்தேன் வாங்கிட்டுப் போனீங்க, அதுக்குள்ள தீந்துபோச்சா டீச்சர்?" என்றாள்.

"தீந்துபோச்சு."

"இந்தக் கலர் ஒங்களுக்கு எடுப்பா இருக்கும். விரல்ல ஒண்ணையும் காணோமே?"

"விரலுக்கு இல்ல. நட்டுக்கு."

அவள் மீதிச் சில்லறையை வழக்கத்தைவிட மரியாதையாகக் கொடுத்தாள்.

என் கணவர் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைகளைக் கட்டாகக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்துவிடுவார்கள். கோணல் என்பது அவர் கண்ணுக்கு ஆகாது. சுவரில் மாட்டிய காலண்டர் சாய்ந்திருந்தால் அடுத்தவர் வீட்டிலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்து உட்காருவார். விமானத்துக்கு அவர் வைத்த பெயர் "நட்டு கழண்ட வேலை". மகள் இல்லாதபோது என்னிடம் சொல்வார். இருக்கும்போது மாட்டிடம் சொல்வதுபோல் பொதுவாகச் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். பிளேன் வாசர் தீர்ந்துவிட்டது, கூரியர் வரத் தாமதமாகிறது என்று அவள் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பிளேன் வாசர் வேணும்."

"எதுக்குங்க?"

"பிளேனுக்கு."

"அதான் கேக்குறேன், எதுக்கு? மோட்டாருக்கா, கேட்டுக்கா?"

"பிளேனுக்குங்க."

"பிளேன் வாசர்தாங்க, தாரேன். எதுல மாட்டப்போறீங்க?"

"பிளேன்லதாங்க மாட்டப்போறோம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "ஸ்பிரிங் வாசர் வேணாமுல்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் "பம்ப்செட்டுக்கு" என்றேன். உடனே கிடைத்தது.

அந்த வாசர்களை மகள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "இது ஆகாதுப்பா. என்ன உலோகம், என்ன பூச்சுன்னு தெரியாம அதுல போடக்கூடாது" என்றாள். அவற்றில் சில இப்போது எங்கள் வாசல் கேட்டில் இருக்கின்றன. கேட் நன்றாக நிற்கிறது. அதன்பிறகு அவர் கொட்டகைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். ஆயுத பூஜை வரைக்கும்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் தராசிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இந்தத் தடவை விமானத்துக்கும் உண்டா என்று அவர் கேட்டார். மகளுக்கு ஆச்சரியம். "வைங்கப்பா. ஆனா வெளிய மட்டும். சந்தனம் இன்ஜின் பக்கம் போகக்கூடாது" என்றாள். அவர் குளித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிண்ணமும் தட்டுமாகக் காலையிலேயே போய்விட்டார். இறக்கை நுனியில் பொட்டு, சக்கரத்தில் பொட்டு, வாலில் பொட்டு, முன்னால் காற்றாடியில் மூன்று பட்டை விபூதி. முன்பக்க மூடி கழற்றியிருந்தது. அங்கே வெகுநேரம் குனிந்து நின்றுகொண்டிருந்தார். விபூதிக்காக அளவு பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். உருட்டி நசுக்க வேண்டும் என்று அவர் சொல்ல, அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இறக்கையைப் பிடித்துத் தள்ளினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

பூஜை முடிந்த கையோடு அவள் பெங்களூர் போய்விட்டாள். கூரியரில் வாசர் பொட்டலம் வந்தது. நான் வாங்கி அஞ்சறைப்பெட்டியில் அதனதன் குழியில் போட்டு வைத்தேன். சில வாரம் கழித்து அவள் வந்தாள். ஒரு விடுமுறை நாள் காலையில், இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றாள்.

பொட்டலில் நின்ற விமானத்தின் வாலைக் கயிற்றால் ஒரு தைலமரத்தில் கட்டியிருந்தாள். அவள் டார்ச் அடித்து ஒவ்வொரு நட்டாகக் கோடு பார்த்துவிட்டு மூடியைப் பூட்டி, ஏறி உட்கார்ந்தாள். என் கணவர் கொட்டகை ஓரம் நின்றார். தீயணைக்கும் சிலிண்டருடன் நான் இறக்கைக்குப் பக்கவாட்டில் நின்றேன். அது என் பொறுப்பு. அதன் தலையில் இருக்கும் பாதுகாப்புப் பின்னை யாராவது தெரியாமல் இழுத்துவிடக் கூடாதே என்று நானே சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன்.

சாவியைத் திருப்பினாள். காற்றாடி இரண்டு முறை விக்கிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதே நேரம் அவள் கை வைத்திருந்த இடத்திலிருந்து புகை வந்தது. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி அது. அவள் அதை இழுப்பது தெரிந்தது. இன்ஜின் சத்தம் குறையவில்லை. மறுபடி இழுத்தாள். பிடி வரவில்லை. புகை கறுத்தது. கயிறு விறைத்து நின்றது. அவள் வாய் அசைந்தது, எதுவும் கேட்கவில்லை. பிறகு எல்லாச் சுவிட்சையும் அணைத்தாள். காற்றாடி நின்றது. அவள் குதித்து இறங்கி, கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

இந்த நேரம் முழுவதும் நான் சணல் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பல்லால் அறுத்தேன். அப்போது புகை நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் அடித்தேன். இன்ஜின் மேல், காற்றாடி மேல், திறந்திருந்த கதவுக்குள், என் மகள் மேல். சிலிண்டர் தீரும்வரை அடித்தேன். வெள்ளைப் பொடிக்குள்ளிருந்து "அம்மா, போதும்மா" என்று ஒரு குரல் வந்தது.

அவள் உள்ளங்கையில் கோடாக ஒரு தீக்காயம். வேறொன்றும் இல்லை. மூன்று பேரும் மாற்றி மாற்றி "ஒண்ணும் இல்லையே" என்று கேட்டுக்கொண்டோம்.

இன்ஜின் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறதாம். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியிலிருந்து பெரிய கரண்டு இன்ஜினுக்குப் போகும். போனது திரும்பி வர வேண்டும். ரப்பர் வழியாக வராது. அதற்காகப் பட்டையாகப் பின்னிய எர்த் ஒயர் ஒன்றை இன்ஜினிலிருந்து விமானத்தின் உடம்புத் தகட்டுக்குப் போட்டு நட்டு வைத்து இறுக்கியிருப்பார்கள். பொடியெல்லாம் கழுவிவிட்டுப் பார்த்தபோது அந்த நட்டை அவள் இரண்டு விரலால் திருப்பினாள். திரும்பியது.

"கரண்டுக்குத் திரும்பிப் போக வழி வேணும்மா. நாம குடுக்கலைன்னா அதுவே தேடிக்கிரும்" என்றாள்.

அது தேடிக்கொண்டது வேகப்பிடியின் மெல்லிய கேபிள். அதன் மறுமுனையில் என் மகளின் கை இருந்தது. கேபிள் பழுக்கக் காய்ந்து, உறை உருகி, இறுகிக்கொண்டது.

"மேல போயிருக்கும்போது இப்படி ஆயிருந்தா?" என்று கேட்டேன்.

நான் எது கேட்டாலும் பதில் சொல்கிற பெண். அன்றைக்கு அந்த நட்டையே இரண்டு விரலால் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அவளை அரித்தது தீக்காயம் அல்ல. "பூஜைக்கு முந்தின நாள் அதைக் கழட்டுனேன். ஸ்பிரிங் வாசர் நசுங்கியிருந்துச்சு. புதுசு வர்ற வரைக்கும் தொலைஞ்சுரக் கூடாதேன்னு நட்டைக் கையால ஓட்டி விட்டேன். அது ஞாபகம் இருக்கு. திரும்ப இறுக்குனது ஞாபகமே இல்ல. ஆனா காலையில டார்ச் அடிச்சேன்ல, கோடு இருந்துச்சும்மா. என் கண்ணால பாத்தேன். அப்ப நான் இறுக்காமலே கோடு போட்டிருக்கேன்."

இப்போது அந்த நட்டில் கோடு இல்லையே என்றேன். சூட்டில் எரிந்திருக்கும் என்றாள்.

அன்று மாலையே விமானத்தை ஒரு தார்ப்பாயால் மூடினாள். அடுத்த வாரம், பாகங்களைப் பிரித்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். நான் "ஒன் இஷ்டம்" என்றேன். நடுநிலையான குரலில் சொன்னதாக ஞாபகம்.

ஒரு காலையில் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாவம், எம்புட்டு நேர்த்தியா வேலை பாத்திருந்தா" என்றார். "நானே நட்டு கழண்ட வேலைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பூஜையன்னைக்குத்தான் கிட்டப் போய்ப் பாக்குறேன், உள்ள இருக்கிற நட்டு ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வச்சிருக்கா. சின்னதா, கோடு மாதிரி. நம்மகிட்ட வெளிய மட்டும் வைங்கன்னு சொல்லிட்டு, உள்ள அவளே வச்சுட்டா பாரு. சாமி மேல அம்புட்டு நம்பிக்கை இருக்குன்னு எனக்குத் தெரியாது."

நான் டம்ளரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுட்டா. அது மட்டும் பொட்டில்லாம மூளியா இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா அதை அப்படி விடலாமா? குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில கொழைச்சு, தீக்குச்சியால நாந்தேன் இழுத்துவிட்டேன். அவ போட்ட மாதிரியே. வித்தியாசமே தெரியாது."

"எந்த நட்டுங்க?"

"பட்டையா ஒரு ஒயரு வருமே, பின்னல் மாதிரி. அதுல."

அடுப்பை அணைத்தேன். அணைத்தேனா என்று குனிந்து பார்த்தேன். காபியை அவர் கையில் கொடுத்தேன். "ஆறிப்போச்சே" என்றார். ஆமாம் என்றேன்.

எனக்குக் கணக்கு தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால், மகள் விமானத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். ஆயுள் முழுக்கத் தரையில் இருப்பாள். இந்த மனுஷனும் தான் மகளுக்குச் செய்தது என்னவென்று தெரியாமலே பெருமையாக இருந்துவிட்டுப் போவார். வாயைத் திறந்தால், அவள் பறப்பாள், இவர் உடைவார். இவ்வளவு சாதகமான ஒரு கணக்கு என் வாழ்க்கையில் வந்ததில்லை. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அவள் வீட்டில் நடமாடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டோமா என்று பாதி வழியில் இறங்கிப் பார்த்தாள். குக்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "அம்மா, நான் கேஸை மூடுனேனா?" என்று கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள். மூடியிருந்தாள். வந்து தானே பார்த்தாள். அப்படிக் கேட்டுக்கொண்டு திரிவது இந்த வீட்டில் என் வேலை. அவளுக்கு அது பொருந்தவில்லை.

பெங்களூர் கிளம்புவதற்காகத் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "வேலையை விட்டுரலாம்னு இருக்கேம்மா" என்றாள்.

"ஏன்?"

"இங்க நான் ஒருத்திதான் ஏறுவேன். அங்க ஊரே ஏறுது. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஏறுறாங்க. இறுக்காத நட்டுல கோடு போட்ட கையை வச்சுக்கிட்டு நான் எப்படி அங்க கையெழுத்துப் போடுறது?"

மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"நீ போடலை" என்றேன்.

"என்ன?"

"அந்தக் கோடு நீ போட்டதில்ல. அது நெயில் பாலிஷ் இல்ல. குங்குமம்."

அவள் என்னையே பார்த்தாள். முழுசாகச் சொன்னேன். மூளியாக இருந்த நட்டு, கிண்ணம், தீக்குச்சி. எவ்வளவு நாளாக எனக்குத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியவில்லை.

"எண்ணெயிலயா கொழைச்சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"தேங்காயெண்ணெய்."

"அதான் உதிரவே இல்ல" என்றாள்.

பையை அப்படியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். தார்ப்பாய் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு 'டக்' என்றது. அடுத்து இன்னொரு 'டக்'. நான் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கோடு போட்டிருந்த ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை வைத்து இழுக்கிறாள். ஒன்றும் நகராமல், வைத்த இடத்திலேயே டக், டக் என்கிறது. சாதம் குழைந்துவிட்டது. இறக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் நிற்காமல் இருக்க வேண்டும்போல இருந்தது. நிற்கவும் வேண்டும்போல இருந்தது.

மறுநாள் ஃபேன்சி ஸ்டோருக்கு அவளே போய், நீல நிறத்தில் ஒரு நெயில் பாலிஷ் வாங்கிவந்தாள். சிவப்பு குங்குமம், மஞ்சள் சந்தனம், வெள்ளை விபூதி. நீலத்தை எங்கள் பக்கம் எந்தச் சாமிக்கும் வைப்பதில்லை.

"அப்பா, செத்த இங்கிட்டு வாங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனார். நான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டேன். புதுச் சிலிண்டர் என் கையில் இருந்தது.

"இனிமே கோடு நீலத்துலப்பா. சிவப்புல போட்டா குங்குமத்தோட கொழம்பிப் போகுது."

அவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். உள்ளே இருந்த நட்டுகளைப் பார்த்தார். அவற்றின் மேல் இருந்தது பொட்டு இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வங்கியில் கணக்கு இடிக்கும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"கொழம்பிப் போகுதா," என்றார், "போச்சா?"

அவள் பொய் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"போச்சுப்பா."

அவர் அவள் கையை எடுத்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கோடாக ஆறியிருந்தது. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுத்துவரலாமா என்று யோசித்தேன். சிலிண்டரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"ஆத்தா," என்றார். மகளை அவர் அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகிவிட்டது. "ஆத்தா, நான் வித்தியாசமே தெரியாம போட்டேன்."

"ஆமாப்பா. டார்ச் அடிச்சே எனக்குத் தெரியல."

புது ஸ்பிரிங் வாசரை அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்தாள். சுரண்டிச் சுத்தம் செய்த தகட்டின் மேல் ஒயர் வளையத்தை உட்கார வைத்தாள். அதன்மேல் பிளேன் வாசர், அதன்மேல் ஸ்பிரிங் வாசர், அதன்மேல் நட்டு. ஸ்பேனர் டக் என்றது.

"இந்தாங்க, நீங்க இழுத்துப் பாருங்க. டக்குன்னா கோடு போடுங்க. இறுக்குன கையே கோடும் போட்டா சரியா வராதுப்பா. எங்க வேலையிலயும் ரெண்டாவது ஆள் உண்டு."

"நானா?"

"ஒங்களை விட்டா நேரா கோடு போட இந்த வீட்டுல யாரு இருக்கா?"

அவர் எழுந்து ஸ்பேனரை வாங்கி இழுத்தார். டக். மறுபடி இழுத்தார். டக். "போதும்ப்பா" என்றாள். பாட்டிலைத் திறந்து அந்தச் சின்ன பிரஷை எடுத்தார். ஊர்க் கல்யாண உறைகளுக்கெல்லாம் பெயர் எழுதிய கை. நீலம் நட்டின் மேல் ஏறி, வழுக்கி, தகட்டில் ஒரு வளைசல் போட்டு நின்றது.

"கோணலா இருக்கேப்பா" என்றாள் மகள். துணியில் தின்னர் நனைத்து அதைத் துடைத்து எடுத்தாள். "திரும்பப் போடுங்க."

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, மறுபடி போட்டார். முதலில் போட்டதைவிடக் கொஞ்சம் தேவலை. அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். இது நிற்கும் என்றாள். அவர் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை. ஆனால் மறுபடி துடைக்கச் சொல்லவில்லை.

அடுத்த நட்டுக்குப் போனார்கள்.

அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அவள் வேலையை விடவில்லை. ஊரில் இருக்கும் நாட்களில் அப்பாவும் மகளும் கொட்டகையிலேயே கிடக்கிறார்கள். நட்டு கழண்ட வேலை என்று இப்போது எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. புதுச் சிலிண்டருக்கு நான் சணல் கட்டவில்லை. அதனால், யாராவது தெரியாமல் பின்னை இழுத்துவிடப் போகிறார்களே என்று பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தில் நினைப்பு வருகிறது. இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்கிறேன். என் கணவர்தான் எடுப்பார்.

"இழுக்கலை" என்பார். வைத்துவிடுவார்.